பின்னால் அப்பா, முன்னால் அம்மா

மதிப்பிற்குரிய வெர்ன் மாமா அவர்களுக்கு,

தங்கள் மருமகள் டெஸ்ஸா மிகுந்த நடுக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அம்மா, அப்பா, நான், நாய் பிஸ்கட், கன்றுகள் எல்லோரும் நலம். நாளைக் காலைச் சாப்பாடு வரைதான் இந்த நலம் என்பதால்தான் அவசரமாக எழுதுகிறேன். தாங்கள் நலமா என்று கேட்கவில்லை. முற்றத்தில் நிறுத்தியிருக்கும் உங்கள் வீட்டுவண்டியிலிருந்து வரும் குறட்டை மாடிவரை கேட்கிறது. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுவதால் எழுத்து கோணியிருக்கும், மன்னிக்கவும்.

எங்கள் பிக்கப் வண்டியின் பின் அச்சில் பல் சக்கரம் உடைந்துவிட்டது, அதை மாற்றத்தான் உங்களை பில்லிங்ஸிலிருந்து வரவழைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். எந்த எண் பல் சக்கரம் போடுவது என்று இந்த வீட்டில் நடந்த போர் தெரியாது. அப்பாவுக்கு நாலு-பத்து வேண்டும். எஞ்சின் பக்கத்துத் தண்டு நாலு சுற்றுக்கும் கொஞ்சம் கூடச் சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும், அதனால் வண்டி யானை மாதிரி இழுக்கும். அம்மாவுக்கு ஏற்கெனவே இருந்த மூணு-ஐம்பத்தைந்துதான் வேண்டும். அதில் இழுவை குறைவு, ஆனால் நீளச் சாலையில் எஞ்சின் அலட்டிக்கொள்ளாமல் ஓடும், டீசலும் குடிக்காது. (இதையெல்லாம் போய் உங்களுக்கு விளக்குகிறேன் பாருங்கள், பயத்தில் எதையெல்லாமோ எழுதுகிறேன்.) "கன்னுக்குட்டிங்கள ஏத்திக்கிட்டு மலை ஏறுறது நான்தானே? பாதி மேட்டுல வண்டி மூச்சு வாங்குது, பின்னாடி வர்ற லாரிக்காரன் ஹாரன் அடிக்கிறான். எனக்கு மானம் போகுது, நடீன்!" என்றார் அப்பா. "தினம் வோர்லண்டுக்கு வேலைக்குப் போயிட்டு வர்றது யாரு? உன் நாலு-பத்தப் போட்டா அந்த எஞ்சின் போடுற சத்தத்துல எனக்குக் காதே போயிடும். மானம் போனா திரும்பி வரும், கிளின்ட். காது வராது" என்றாள் அம்மா.

அன்றோடு பேச்சு நின்றது. அதன் பிறகு எல்லாம் நாய் வழியாகத்தான். "பிஸ்கட், உப்ப இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு." "பிஸ்கட், கை நீளமாத்தானே இருக்கு, எடுத்துக்கச் சொல்லு." பிஸ்கட்டுக்கு ஒன்றும் புரியாமல் இரண்டு பக்கமும் வாலாட்டி வாலாட்டி இளைத்தேவிட்டது. அப்புறம் போன ஞாயிறு, பீன்ஸ் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட ரொட்டியும் சாப்பிடும்போது, அம்மா திடீரென்று நேராக அப்பாவைப் பார்த்து, "இங்க பாரு. நாலு சக்கரம் இருக்கு. பின்னாடி ரெண்டும் உனக்கு, நாலு-பத்து போட்டுக்கோ. முன்னாடி ரெண்டும் எனக்கு, பழையபடியே இருக்கட்டும். சரியா?" என்றாள். அப்பா கரண்டியைக் கீழே வைத்தார். "அடடா, இது ஏன் எனக்குத் தோணல?" என்று எழுந்து வந்து, அம்மாவை அடுப்படியிலேயே சுற்றிச் சுற்றி ஆடவைத்தார். அடுப்பிலிருந்த அடுத்த ரொட்டி கருகிப்போனதுகூட யாருக்கும் உறைக்கவில்லை.

என் வாயில் கரண்டி அப்படியே நின்றது மாமா. பள்ளிக்கூடப் பட்டறை வகுப்பில் முதல் மாதமே சொல்லிக்கொடுத்தது: முன் அச்சும் பின் அச்சும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும். இல்லையென்றால், நாலு சக்கரத்தையும் ஓட்டும் கியரைப் போட்டதும், காலைச் சேர்த்துக் கட்டிய நெட்டைக்காரனும் குட்டைக்காரனும் ஓடுகிற கதைதான். இரண்டு அச்சுக்கும் நடுவிலிருக்கும் கியர்பெட்டி நொறுங்கிவிடும். வெளியே பனி கொட்டுகிறது, மலையில் அப்பா அந்தக் கியரைத்தான் போடுவார். ஆனால் இரண்டு பேரும் சிரிக்கும்போது நான் எப்படி வாயைத் திறப்பேன்? "அப்படின்னா ஒண்ணுதான் போட முடியுமா? எது?" என்று கேட்பார்கள். மறுபடியும் நாய்தான்.

நாளை வண்டிக்கு அடியில் படுத்ததும் நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். அது பயமில்லை. கண்டுபிடித்ததும் சிரிப்பீர்களே, அதுதான் பயம். போன நன்றித் திருநாளன்று, அப்பா டிரெய்லரைப் பின்னால் எடுத்துக் கிணற்றுப் பம்பில் இடித்ததற்கு, "மாப்ளே, பம்புக்கு ஹாரன் அடிச்சியா?" என்று கேட்டு நீங்கள் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தீர்கள். குளிர்காலம் முழுக்க அப்பா உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நாளை அவர்களுடைய திருமண நாள் வேறு. அதனால் காலில் விழுந்து கேட்டுக்கொள்கிறேன்: சிரிக்காதீர்கள், யாரிடமும் சொல்லாதீர்கள். ஏதாவது ஓர் எண்ணை நீங்களே முடிவு செய்து, இரண்டு அச்சிலும் அதையே பூட்டிவிட்டு, "ரெண்டு பேரு கேட்டதும் போட்டாச்சு" என்று முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு சொல்லுங்கள். உங்களுக்கு அப்படி ஒரு முகம் கிடையாது என்று தெரியும், இப்போதே கண்ணாடி பார்த்துப் பழகுங்கள்.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முதுகுவலி தீரவும், ஸ்பானர் எதுவும் தொலையாமல் இருக்கவும், நாளை மதியம்வரை உங்களுக்குச் சிரிப்பே வராமல் இருக்கவும் வேண்டிக்கொள்ளும்,

மருமகள் டெஸ்ஸா

பி.கு.: இந்தக் கடிதத்தை உங்கள் கருவிப்பெட்டியில் வைக்கலாம் என்று கொட்டகைக்குப் போனேன். அப்பா வாங்கி வைத்திருந்த நாலு-பத்துப் பெட்டியைக் காணோம். அதே இடத்தில் வேறு பெட்டி, சிவப்பு நாடா கட்டி, மேலே அப்பாவின் கிறுக்கல்: "நடீனுக்கு. என் பின்சக்கரம் ரெண்டும் உனக்கே." உள்ளே பின் அச்சுக்கு மூணு-ஐம்பத்தைந்து! திரும்பும்போது பெஞ்சுக்கு அடியில் கால் இடறியது. இன்னொரு பெட்டி. அதில் அம்மாவின் எழுத்து: "கிளின்டுக்கு. என் முன்சக்கரம் ரெண்டையும் நீயே வச்சுக்கோ." முன் அச்சுக்கு நாலு-பத்து! அதே கூத்து மாமா, தலைகீழாக! இப்போது பின்னால் அம்மா, முன்னால் அப்பா! கோணிமூட்டைமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் எனக்கு விக்கல் வந்துவிட்டது. மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். ஒரு பல் சக்கரத்தையும் பூட்ட வேண்டாம். காலையில் "உனக்கு", "இல்ல, உனக்கு" என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்ளட்டும். நீங்கள் எங்கள் டென் ஸ்லீப் ஊருக்கே கேட்கும்படி சிரியுங்கள். நான் சாப்பிட வந்து உட்காரும்வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.