சோபாவில் சிக்கிய டிரில் மாஸ்டர்

சோபா பார்க்கச் சாதுவாகத்தான் இருந்தது. உட்கார்ந்த பிறகுதான் அதன் குணம் தெரிந்தது. டிரில் மாஸ்டரை இடுப்புவரை விழுங்கிவிட்டு, முழங்கால்களை மட்டும் மோவாய் உயரத்துக்கு வெளியே நீட்டி வைத்தது.

மாட்டிக்கொண்டோம் என்று மாஸ்டருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

தாழ்வான இடத்தில் உட்காராதீர்கள், உட்கார்ந்தாலும் ரொம்ப நேரம் உட்காராதீர்கள் என்று மூட்டு டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அதையே மனைவியும் வாசல்வரை வந்து சொல்லி அனுப்பினாள். ஆனால் எதிர் சோபாவில் முதியோர் சங்கத் தலைவர் தன் வீட்டுக் கூடத்தில் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டு, "உக்காருங்க மாஸ்டர்" என்று கையைக் காட்டினால் என்ன செய்வது? வேலை கேட்டு வந்தவன், கைப்பிடி வைத்த உயரமான நாற்காலி இருக்கிறதா என்று விசாரிக்க முடியுமா?

சங்கத்தில் மூட்டுவலிக்காரர்களுக்குத் தினமும் காலையில் பயிற்சி சொல்லித்தரும் வேலை. மாஸ்டர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்று வருஷக்கணக்காகிவிட்டது. வீட்டில் அவர் விசில் ஊதினால் பூனைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. இன்னொரு தடவை நாலு பேரை வரிசையில் நிறுத்தாமலே போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று அவருக்கு உண்மையிலேயே பயம் வந்திருந்தது.

"முன்னாடி இருந்தவர் தங்கமான மனுஷன்" என்றார் தலைவர். "ஒரு நாள் குனிஞ்சு காலைத் தொடுங்கன்னாரு. எல்லாரும் தொட்டோம். நாங்க நிமிந்துட்டோம், அவர் நிமிரல."

"ஐயையோ!"

"அப்படியே ஆட்டோவுல ஏத்தி அனுப்பினோம். அதனால இந்தத் தடவை மூட்டு நல்லா இருக்கிற ஆளா வேணும்னு கமிட்டியில கண்டிப்பா சொல்லிட்டாங்க. உங்களுக்கு எப்படி?"

"எனக்கா? காலையில எந்திரிச்சா றெக்கை கட்டின மாதிரி இருக்கும் சார்."

காலையில் எழுந்தால் முட்டி மடங்குவதற்கே அரை மணி நேரம் ஆகும் என்பதை மாஸ்டர் சொல்லவில்லை.

"நானும் அப்படித்தான். மாடிப்படியை ரெண்டு ரெண்டாத் தாவுவேன். சரி, ரொம்ப சந்தோஷம். கமிட்டியில பேசிட்டுச் சொல்றேன். அப்ப பார்ப்போமா?"

பேச்சு முடிந்துவிட்டது. மாஸ்டர் எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி. கைகளை இரண்டு பக்கமும் ஊன்றினார். கைகள் பஞ்சுக்குள் முழங்கைவரை இறங்கின. முட்டி 'களுக்' என்றது.

"என்ன சத்தம்?"

"சோபாவா இருக்கும் சார்."

இந்த மனுஷன் ஒரு நிமிஷம் உள்ளே போய்த் தொலைந்தால் உருண்டு புரண்டாவது எழுந்துவிடலாம்.

"சார், குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

தலைவர் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. "அம்மாடி! மாஸ்டருக்குத் தண்ணி!"

தலைவரின் மகள் ஒரு செம்பு தண்ணீரோடு டீயும் கொண்டுவந்தாள். மரியாதைக்கு இரண்டையும் குடித்து முடித்தார். சீக்கிரம் எழுந்திருக்க இப்போது இன்னொரு அவசரமான காரணமும் சேர்ந்துகொண்டது.

"அந்த ரூம்ல கோப்பையெல்லாம் தெரியுதே, சங்கத்துக்குக் கிடைச்சதா சார்? கொண்டுவந்து காட்டுங்களேன்."

"கூச்சப்படாம நீங்களே போய்ப் பாருங்க. நான் இங்கேருந்தே விளக்கம் சொல்றேன்."

"வேண்டாம் சார். தூரத்திலேருந்து பார்த்தாத்தான் அழகு."

மூலையில் போன் அடித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"சார், போன்."

"நீங்கதானே பக்கத்துல இருக்கீங்க, எடுங்களேன்."

"உங்க வீட்டு போனை நான் எடுத்தா நல்லாவா இருக்கும்?"

"அப்ப அடிக்கட்டும். அவசரம்னா மறுபடி அடிப்பாங்க."

மறுபடி அடித்தது. அடித்து ஓய்ந்தது. மாஸ்டருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்ன திமிர்! வந்தவனை வாங்க என்று சொல்லக்கூட எழுந்திருக்கவில்லை. நகத்தில் அழுக்குப் படாமல் உட்கார்ந்த இடத்திலிருந்தே ராஜ்யம் நடத்துகிறான் பார்!

அந்த நேரம் பார்த்து மழை பிடித்தது. திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சாரல் நேராக உள்ளே வந்தது.

"மழை சார்" என்றார் மாஸ்டர், ஜன்னலைப் பார்த்து.

"ஆமாம், மழை" என்றார் தலைவர், மாஸ்டரைப் பார்த்து.

முதலில் செய்தித்தாள் நனைந்தது. பிறகு தரைவிரிப்பு நனைந்தது. பிறகு மாஸ்டரின் இடது தோள் நனைந்தது.

"காத்து நல்லா வருது" என்றார் தலைவர்.

"உடம்புக்கு நல்லதுதான் சார்" என்றார் மாஸ்டர், பல் கிட்டிக்க.

மகள் ஓடிவந்து ஜன்னலைச் சாத்தினாள். இருவரையும் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஈரக்காற்றில் மாஸ்டரின் முட்டி இரண்டும் விறைத்துப்போயிருந்தன. இனிமேல் பொறுத்தால் மானம் போய்விடும், அதுவும் சோபாவிலேயே போய்விடும்.

"சார், ஒரு பயிற்சி செஞ்சு காட்டட்டுமா? பள்ளமான சோபாவிலேருந்து எந்திரிக்கிற பயிற்சி."

தலைவரின் கண்கள் பளிச்சென்றன. "அதை முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"நல்லா கவனிங்க. மெதுவா விளிம்புக்கு நகரணும். பாதத்தைப் பின்னால இழுத்துக்கணும். மூக்கு முட்டியைத் தாண்டுற மாதிரி முன்னால சாயணும். அப்புறம்... ஒன்று... இரண்டு... மூன்று!"

டீப்பாய் ஆடியது. டீக் கோப்பை உருண்டது. கண்ணில் பூச்சி பறந்தது. ஆனால் மாஸ்டர் நின்றுவிட்டார்!

"பிரமாதம்! கடைசியில முகத்தை ஏன் அப்படி வெச்சீங்க?"

"அது முகத்துக்கான பயிற்சி சார். கூடவே செய்யணும்."

"அந்தப் பாதம் சமாச்சாரம்தான் சரியாப் புரியல. உக்காந்து இன்னொரு தடவை செய்யுங்களேன்."

மாஸ்டர் அவரைப் பார்த்த பார்வையில் வேறு யாராவது இருந்தால் பொசுங்கியிருப்பார்கள். ஆனால் வேலை வேண்டுமே. உட்கார்ந்தார். சோபா பழைய பாசத்தோடு வாங்கிக்கொண்டது. மறுபடி நகர்ந்து, இழுத்து, சாய்ந்து, முனகி, பூச்சி பறக்க எழுந்து நின்றார்.

"கமிட்டியாவது ஒண்ணாவது! வேலை உங்களுக்குத்தான்" என்றார் தலைவர். "இன்னும் ஒரே ஒரு தடவை..."

"நாளைக்கு சார்!" என்று மாஸ்டர் வாசலைப் பார்த்து நடையைக் கட்டினார். அப்போதும் அந்த மனுஷன் வழியனுப்ப எழுந்திருக்கவில்லை. இருந்த இடத்திலிருந்தே கையை ஆட்டினார்.

வாசலில் ஷூவை மாட்டக் குனிவதற்குள் மாஸ்டருக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. குத்துக்கல் மாதிரி உட்கார்ந்துகொண்டு அடுத்தவனைத் தோப்புக்கரணம் போட வைக்கிற இந்த ஆளிடம் வேலையா? நாளைக்கே வந்து முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லிவிட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஷூ நாடாவை இழுத்தபோது, உள்ளேயிருந்து மகளின் குரல் கேட்டது.

"அம்மா, சீக்கிரம் வா, மாஸ்டர் போயிட்டாரு! நீ அந்தக் கையைப் பிடி, நான் இந்தக் கையைப் பிடிக்கிறேன். பேப்பர் படிக்க உக்காந்த அப்பா, காலையிலேருந்து எந்திரிக்க முடியாம அந்தச் சோபாவுலயே கிடக்காரு!"