டார்ச்சு கம்பவுண்டர் சொன்னால் பார்வை வரும்

சங்கரன்கோவிலில் டார்ச்சு கம்பவுண்டருக்கு முன்னால் கண்ணை விழித்துக்கொண்டு நிற்க ஒருவருக்கும் துணிச்சல் கிடையாது. கல்யாணப் பந்தியானாலும் பஸ் ஸ்டாண்டானாலும், கண்ணில் லேசாக வெள்ளை படர்ந்த ஆள் சிக்கினால் மடியிலிருந்து டார்ச்சை உருவிவிடுவார். பாயசத்தைப் பாதியில் விட்டு ஓடியவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் எங்கள் ஊர்க் கண் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதிக்கொண்டிருந்தேன். கண்புரை முற்றிவிட்டால் உள்ளே விழித்திரை எப்படி இருக்கிறதென்று டாக்டராலேயே பார்க்க முடியாது. அறுத்தால் பார்வை வருமா என்று அறிய, நாலு பக்கமிருந்தும் வெளிச்சம் அடித்து, எங்கிருந்து வருகிறதென்று நோயாளியைக் கேட்பார்கள். அதில் கம்பவுண்டர் புலி. அவர் வரும் என்றால் வரும். வராது என்றால் வராது.

சிவகிரி விவசாயி ஒருவரிடம் ஒருநாள் கேட்டார்: "அண்ணாச்சி, வெளிச்சம் எங்கனருந்து வருது?"

"நாலு பக்கமும் ஜெகஜோதியா வருது டாக்டரையா!"

"ஏன்வே பொய் சொல்லுதீரு? நான் இன்னும் டார்ச்சே போடலை!"

அப்பேர்ப்பட்டவர், கண்புரை முற்றிப் பார்வை போயிருந்த தம் மனைவி கோமதிக்கும் சோதனை செய்தார். இடம், வலம், மேல், கீழ் எதிலும் அந்த அம்மாள் தப்பவில்லை. கம்பவுண்டர் ஆஸ்பத்திரி முழுக்க மிட்டாய் கொடுத்தார். "ஆறு வருஷம் கழிச்சு என் மூஞ்சியைப் பாக்கப்போறா. என்ன சொல்லுவாளோ!" என்று எங்களிடம் வெட்கப்பட்டார்.

ஆபரேஷன் நன்றாகவே முடிந்தது. கட்டை அவிழ்த்ததும் டாக்டர் கருவியை வைத்து வெகுநேரம் உள்ளே பார்த்தார். "பின்னால நரம்பு வெளுத்துப்போச்சுய்யா. இந்தக் கண்ணுக்கு டார்ச்சு வெளிச்சமே தெரிஞ்சிருக்காதே" என்றார்.

கம்பவுண்டர் கட்டிலில் உட்கார்ந்தார். "பின்னே எப்படி கோமு சரியாச் சொன்னே?"

"உங்க மூச்சு எந்தப் பக்கம் கேட்டுச்சோ, அந்தப் பக்கத்தைச் சொன்னேன். தெரியலைன்னா நீங்க இடிஞ்சுபோயிருவீயளே."

அவர் கோபப்படவில்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நாங்கள் எல்லோரும் பார்க்க, வாய்விட்டு அழுதார்.

மறுநாளிலிருந்து சோதனையின்போது மூச்சை அடக்கிக்கொண்டார். முகம் சிவந்து, விழி பிதுங்கும். முதலில் ஒருவர் சிரித்தார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் அம்மன் கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் இருவரையும் கண்டேன். எனக்கு முன்னால் நின்றவர்களின் தலைகளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"அம்மன் பச்சைப் பட்டு உடுத்தியிருக்கா, கோமு. உன்னைப் பாத்துத்தான் சிரிக்கா" என்றார் கம்பவுண்டர்.

அந்த அம்மாள் கைகூப்பினாள். "உங்களுக்கு நல்லாத் தெரியுதா?"

"நல்லாத் தெரியுது."

அவர் என்னைவிட அரை அடி குள்ளம். நானும் கைகூப்பினேன்.