மடக்குக் கத்திகளைத் திருப்பி அனுப்புகிறேன், மாமா

மரியாதைக்குரிய மாமா அவர்களுக்கு, உங்கள் அக்கா மகள் வணங்கி எழுதுவது. இங்கே அம்மாவும் அப்பாவும் உடம்பளவில் நலம். மனசளவில் நலமில்லை, அதற்குக் காரணம் நான். அங்கே நீங்களும் உங்கள் லாரியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

முதலில் என் கண்ணில் பட்டது ஒரு நீலத் தட்டு. இரண்டு வாரத்துக்கு முந்தின திங்கட்கிழமை காலை, நான் பெட்டி கட்டும் வேலை பார்க்கிற கிடங்கின் வாசலில் காவலாளி அண்ணனின் மேசை மேல் இருந்தது. அதில் இரண்டு நகவெட்டி, ஒரு ஊக்கு, யாருடைய சாப்பாட்டுப் பையிலிருந்தோ எடுத்த ஒரு ஸ்பூன். நான் பாட்டுக்கு உள்ளே நடந்தேன். நிற்கச் சொன்னார். கூரான பொருள் எதுவும் இனி உள்ளே போகக் கூடாது என்று புது உத்தரவாம். பையில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பதில் சொல்வதைவிட எடுத்துக் காட்டுவது எனக்குச் சுலபம், உங்களுக்குத் தெரியும். காட்டினேன். நீங்கள் முதன்முதலில் கொடுத்த மரப்பிடிக் கத்தி, வளையத்தைத் திருகினால் பூட்டிக்கொள்ளுமே, அதுதான் திங்கட்கிழமைக்கு உள்ளது. மடக்கிய கத்தியைக் காட்டினால் எதையோ மறைப்பது போல் இருக்கும் என்று நினைத்து விரித்தே காட்டினேன். அவர் நாற்காலியோடு பின்னால் போனார்.

"இது எதுக்கும்மா?"

மனசுக்குள் பதில் நீளமாகவும் நன்றாகவும் இருந்தது. பெட்டி மேல் ஒட்டிய டேப்பை வெட்ட, கட்டுக்கயிறு அறுக்க, தப்பாக ஒட்டிய முகவரிச் சீட்டைச் சுரண்டி எடுக்க என்று வரிசையாக இருந்தது. வாயில் வந்தது ஒரே சொல்.

"வெட்ட."

"யாரை?"

அதற்கு நான் பதில் தேடிக்கொண்டிருந்தபோதே விஷயம் மேலாளர் அறைக்குப் போய், அங்கிருந்து அம்மாவுக்குப் போன் போய், அம்மா இரண்டு கால்களில் இரண்டு வெவ்வேறு செருப்போடு வந்து சேர்ந்தாள். மேலாளர் நல்ல மனிதர்தான். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், பயப்பட வேண்டாம் என்றார். அம்மா என்னைக் காப்பாற்றத்தான் வாயைத் திறந்தாள்.

"எம்பொண்ணு வாயில்லாப் பூச்சி சார். வீட்டுல இன்னும் நாலு கத்தி வச்சிருக்கா, ஒரு தடவகூட யார்மேலயும் ஓங்கினதில்ல."

மேலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, நாலா என்று கேட்டார். அவர் நம்பவில்லை என்று நினைத்த அம்மா விரல் விட்டு எண்ணிக் காட்டினாள். செவ்வாய்க்குக் கொம்புப் பிடி, புதனுக்குச் செடி ஒட்டுப்போடும் வளைந்த கத்தி, வியாழனுக்கு முடிச்சு அவிழ்க்கும் ஊசியோடு இருக்கும் மாலுமிக் கத்தி, வெள்ளிக்குச் சுண்டுவிரல் அளவுப் பேனாக்கத்தி. சனிக்கிழமை என்ன செய்கிறாள் என்று அவர் மெதுவாகக் கேட்டார். "அன்னைக்கு அஞ்சுக்கும் எண்ணெய் போடுவா சார்" என்று அம்மா பெருமையாகச் சொன்னாள். அத்தோடு முடிந்தது. மரப்பிடிக் கத்தியை அம்மா கையில் கொடுத்துவிட்டு, அன்றிலிருந்து இரண்டாவது திங்கட்கிழமைக்குள் வீட்டில் ஒரு கத்தியும் இல்லை என்று எழுதிக் கொடுத்தால்தான் வேலை என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அப்பா குடையை எடுத்துக்கொண்டு என்னைக் கிடங்கு வரை கொண்டுவந்து விடுகிறார். நான் யாருக்கோ பயந்துதான் கத்தி வைத்திருக்கிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். வழியில் எதிரே வருகிற எல்லோரையும் முறைக்கிறார். நேற்று தபால்காரரை முறைத்தார்.

மாமா, எனக்கு வேலை போவதுகூடப் பெரிதில்லை. உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எழுந்து நின்று பாடம் வாசிக்க முடியாமல்தானே ஒன்பதாவதோடு பள்ளியை விட்டேன்? கிடங்கில் சேர்ந்தபோதும் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. பிறகு ஒருநாள் ஒரு அக்கா பல்லால் கயிற்றைக் கடித்துக்கொண்டிருந்தார். போய்க் கத்தியை நீட்டினேன். அன்றிலிருந்து எனக்குப் பெயரே கத்தி. "ஏ கத்தி, இங்க வா", "கத்தி எங்கடி போச்சு", "கத்தி, இன்னைக்கு எந்தக் கத்தி?" என்று ஒரு நாளைக்கு நாற்பது தடவையாவது கூப்பிடுவார்கள். வளைந்த கத்தி வரும் நாள் எது என்று பலருக்கு மனப்பாடம். கூட உட்கார்ந்து சாப்பிடக் கூப்பிட்டார்கள். நான் ஒன்றும் பேச வேண்டியிருக்கவில்லை, கத்தி போதுமாக இருந்தது.

இப்போது கம்பெனியே எல்லோருக்கும் மஞ்சள் பிளாஸ்டிக் வெட்டி ஒன்று கொடுத்திருக்கிறது. பாதுகாப்பானது என்கிறார்கள். உண்மைதான், எதையுமே வெட்டாது. டேப்பைத் தடவிக் கொடுக்கிறது. எல்லோரும் மறுபடி பல்லுக்குப் போய்விட்டார்கள், ஆனாலும் என்னைக் கூப்பிடுவதில்லை. கத்தி என்று கூப்பிட்டால் மேலாளர் காதில் விழுமோ என்று பயம், என் சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு நாளாக ஒரு ஆள் என்னிடம் பேசவில்லை. கிடங்கில் நானும் ஒரு அட்டைப்பெட்டி போலத்தான் நிற்கிறேன். பெட்டிக்காவது மேலே பெயர் எழுதியிருக்கும்.

ஆகையால் ஐந்தையும் இந்தக் கடிதத்தோடு உங்களுக்கே அனுப்புகிறேன். ஈரம் படாமல் வையுங்கள். திங்கட்கிழமை எழுதிக் கொடுத்துவிட்டு, அப்படியே வேலையிலிருந்தும் நின்றுகொள்ளலாம் என்று இருக்கிறேன். வீட்டில் இருந்தால் பேச வேண்டியதில்லை. உங்கள் வண்டி போகிற சாலையெல்லாம் பள்ளமில்லாமல் இருக்கட்டும், அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: பெட்டி வராது, எதிர்பார்க்க வேண்டாம். நேற்று ஞாயிற்றுக்கிழமை ஐந்து கத்தியையும் பெட்டிக்குள் வைத்து, கண்ணாடிச் சாமானுக்குக் கட்டுவது போல் குறுக்கும் நெடுக்குமாக நாலு சுற்று டேப் ஒட்டி, மேலே நைலான் பட்டையும் போட்டு முடித்த பிறகுதான், இந்தக் கடிதம் வெளியே இருப்பதைப் பார்த்தேன். திறக்கக் கத்தி வேண்டும். கத்தி எல்லாம் உள்ளே. சமையலறைக் கத்தியையும் கத்தரிக்கோலையும் அம்மா பயந்துபோய் மேல்வீட்டில் கொடுத்து வைத்திருக்கிறாள், அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போயிருக்கிறார்கள். மஞ்சள் வெட்டியால் ஒரு மணி நேரம் முயன்றதில் என் கட்டைவிரல்தான் வீங்கியது.

இன்று காலை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிடங்குக்கு வந்தேன். உள்ளே என்ன என்று காவலாளி அண்ணன் கேட்டார். அஞ்சு கத்தி என்றேன். நான் முதல்முறையாகத் தமாஷ் செய்வதாக நினைத்து, கண்ணில் நீர் வரச் சிரித்து, உள்ளே விட்டுவிட்டார். இதை மேலாளர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். உள்ளே அரை மணி நேரமாகப் பிளாஸ்டிக் தேயும் சத்தம் கேட்கிறது. வேறொன்றும் செய்யவில்லை மாமா. பெட்டியை அவர் மேசை மேல் வைத்தேன், பக்கத்தில் மஞ்சள் வெட்டியை வைத்தேன், "இதைக் கொஞ்சம் திறந்து குடுங்க சார்" என்று கேட்டேன்.