குழாய் கேட்டார்கள், நான் நீரூற்று வைத்தேன்

அரைகுறையாக இங்கிலீஷ் படித்தவளை ஒரு ஊரே நம்பக் கூடாது. எங்கள் குப்பம் நம்பியது. அந்தப் படித்தவள் நான்தான்.

ராயபுரம் கடற்கரையில் எங்கள் குப்பம். அங்கே எஸ்.எஸ்.எல்.சி. தேறிய முதல் பெண் நான். (இரண்டாம் தடவை எழுதித்தான் தேறினேன். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.) தேறியதிலிருந்து எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. துறைமுகத்தில் கப்பல் ஊதினால் ஏறிப் போய்விடலாமா என்றிருக்கும். ரயில் கூவினால் அதிலும். வலை, கருவாடு, அம்மாவின் மீன்கூடை எல்லாவற்றையும் விட்டு ஓடிவிடத் துடித்தேன். எங்கே என்றுதான் தெரியாது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. பட்டணம் வடக்கே பெருத்துக்கொண்டே போனது. திருவொற்றியூர்ப் பக்கம் மாதத்துக்கு ஒரு புகைபோக்கி முளைத்தது. இன்னும் ஐம்பது வருஷத்தில் பட்டணம் எப்படி இருக்க வேண்டும் என்று திட்டம் போடப் போகிறார்களாம், ஜனங்களின் யோசனையைக் கேட்க ஓர் அதிகாரி வருகிறாராம் என்று தண்டோரா போட்டார்கள்.

அதிகாரி வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் தெரியாது. கூட வரவேண்டிய குமாஸ்தாவுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்துக் கூடத்தில் குப்பமே உட்கார்ந்திருக்க, அவர் வரைபடத்தை விரித்துக்கொண்டு விழித்தார்.

"நம்ம மரகதம் கீதே!" என்றார் குப்பத்துத் தலைவர் கோயிந்தன் மாமா. "அது இங்கிலீஸ்ல பூந்து வெளாடும்!"

நானும் விளையாடப் போனேன்.

முதலில் மாமாவே எழுந்தார். "தொறமொகத்துக்குக் கல்லு கொட்னதுலேர்ந்து கடலு வூட்டாண்ட வந்துகினே கீது. போன மயைல நாலு வூடு பூட்ச்சி. இங்கியும் கல்லு போட்டுத் தடுக்கணும்னு சொல்லும்மா."

கடல் அரிப்புக்கு இங்கிலீஷில் என்னவென்று எனக்குத் தெரியவில்லை. அதைவிட, வெட்கமாக இருந்தது. டில்லியிலிருந்து வந்தவர் ஐம்பது வருஷத்துக் கனவைக் கேட்கிறார், இவர்கள் நாலு குடிசையைச் சொல்கிறார்களே! கடலோரமாக அழகான உலாவும் பாதை வேண்டுமாம், பெஞ்சுகளோடு என்று இங்கிலீஷில் எடுத்துவிட்டேன். அவர் புருவம் உயர்ந்தது. எழுதிக்கொண்டார்.

அடுத்து பொன்னம்மாக்கா. "குப்பம் முச்சூடும் ஒரே கொயா. அதுலயும் காத்துதான் வருது. இன்னும் ரெண்டு வெக்கச் சொல்லு கண்ணு."

"ஃபவுண்டன், சார்" என்றேன். (குழாயோ நீரூற்றோ, எப்படியும் தண்ணீர்தானே என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.)

மூன்றாவதாக ஒருவர் வலை காயவைக்க இடம் விடச் சொன்னார். இதையாவது உள்ளபடி சொல்லலாம் என்று, "நெட், சார், பிளேஸ் ஃபார் நெட்" என்றேன். அதிகாரி முகம் மலர்ந்து, "டென்னிஸ்?" என்றார். அந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "யெஸ் சார்" என்றேன்.

அப்போதுதான் கூடத்தின் பின்னாலிருந்து அந்தக் குரல்.

"இன்னாடீ ஃபவுண்டனு?"

என் அம்மா. மீன் விற்றுவிட்டு நேரே வந்து, காலிக் கூடையை இடுப்பில் வைத்தபடி நின்றிருந்தாள். அவள் விற்கிற இடம் துறைமுகத்துத் துரைமார்களின் பங்களாப் பின்வாசல். அவள் பேசும் மீன்கூடை இங்கிலீஷைக் கேட்டால் எனக்கு உடம்பு கூசும். அந்த இங்கிலீஷ் என்னை என்ன செய்யும் என்று நான் யோசித்துப் பார்த்ததே இல்லை.

"துரை தோட்டத்துல தண்ணி பீச்சிகினு நிக்குமே, அதையா நாம கேட்டோம்? டென்னிஸு இன்னாத்துக்கு? கோயிந்தண்ணன் ஆடவா?"

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேஜைக்கே வந்தாள்.

"சார்! டாட்டர் லை, சார்! சீ கம்மிங். ஹவுஸ் கோயிங். வாட்டர் டாப் ஒன், பீப்பிள் மெனி. நோ டென்னிஸ்!"

அதிகாரி பென்சிலைக் கீழே வைத்தார். நிஜமா என்று என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷெல்லாம் ஓடிப்போயிருந்தது. "ஆமா சார்" என்று தமிழில் சொன்னேன். அவருக்குப் புரிந்தது.

"கம் சார். லுக் ஃபர்ஸ்ட், டாக் நெக்ஸ்ட்" என்றாள் அம்மா, வஞ்சிரத்தைக் காட்டக் கூப்பிடுகிற அதே தோரணையில். அவர் எழுந்து போனார். குப்பமே பின்னால் போனது. கடைசியாக நான்.

கரையில் பொன்னம்மாக்கா வீட்டின் ஒரு சுவர் மட்டும் நின்றது. அடுப்பு இருந்த இடத்தில் அலை நுழைந்து நுழைந்து வந்தது. தினமும் பார்த்ததுதான். அன்றைக்கு ஓர் அயலாரோடு நின்றபோதுதான் அதை நிஜமாகப் பார்த்தேன். ஓர் அலை வந்து அதிகாரியின் பூட்ஸை முழுக்க நனைத்தது. அவர் நகரவில்லை. அங்கேயே நின்று என் உலாவும் பாதை, ஃபவுண்டன், டென்னிஸ் மூன்றையும் அடித்துவிட்டு, அம்மாவைக் கேட்டுக் கேட்டு எழுதினார்.

கோயிந்தன் மாமா என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "ஏம்மா, எங்க பேச்சு அம்மாங் கலீஜாவா, கேவலமாவா கீது?" என்று மட்டும் கேட்டார்.

ரொம்ப நாள் கழித்து இரண்டு குழாய் வந்தது. கல்லும் வந்தது, இன்னொரு வரிசை வீடு போன பிறகு. அதன் பிறகு எந்த அதிகாரி வந்தாலும் குப்பம் அம்மாவைத்தான் கூப்பிட்டது.

எனக்கு வந்தது வேறு. இரண்டு வருஷம் கழித்து எண்ணூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். பொண்ணு மீன் குழம்பு நன்றாக வைக்குமா என்று மாப்பிள்ளை கேட்டார். நான் தலையைக் குனிந்து, "வெப்பேன்" என்றேன்.

அடுப்பங்கரையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "டாட்டர் லை, சார்!"

மாப்பிள்ளை சிரித்த சிரிப்பில் காபி சட்டையெல்லாம் கொட்டியது. அவரைத்தான் கட்டிக்கொண்டேன். இத்தனை வருஷத்தில் நான் தலைவலி என்று படுத்தாலும் சரி, புடவை பழசு என்றாலும் சரி, எங்கள் வீட்டில் யாராவது ஒருவர் 'டாட்டர் லை, சார்!' என்று சொல்லாமல் விடுவதில்லை. மருமகள் வந்த முதல் வாரமே அவளுக்கும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். அவள் காலேஜில் இங்கிலீஷ் இலக்கியம் படித்தவள். இலக்கணத்தை விட்டாலும், உறவு முறைக்காக 'மாமியார் லை' என்றாவது திருத்துவாள் என்று பார்த்தேன். திருத்தவில்லை.