ஃபோரத்தை மூடுவதாக இல்லை, அண்ணா

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நான் நலம், உங்கள் மாப்பிள்ளை நலம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று கல்லூரி நாளில் நீங்கள் எழுதி இலவசமாக விட்டுவிட்டுப் போன ஃபோரம் மென்பொருள், இணையத்தில் நாலு பேர் கூடிப் பேசுகிற அந்த இடம்தான் படுத்த படுக்கை. அங்கே அண்ணியும் நீங்களும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். பொறுப்பை இறக்கி வைத்தவர்களுக்கு என்ன குறை.

"பேசாமல் அதை இழுத்து மூடு" என்று எழுதியிருந்தீர்கள். முடியாது. டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்கள் அதில்தான் ஒருவருக்கொருவர் தைரியம் சொல்லிக்கொள்கிறார்கள். பழைய நிரலை இனி ஓட்ட மாட்டோம் என்று சர்வர்க்காரர்கள் கெடு வைத்ததால், சாப்பாட்டு மேஜையின் ஒரு முனையில் நானும் மறுமுனையில் உங்கள் மாப்பிள்ளையுமாக உட்கார்ந்து அதைப் புதுப்பிக்க ஆரம்பித்தோம். நீங்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கட்டி வைத்திருக்கிறீர்கள்; ஒரு செங்கல்லை அசைத்தால் கூரையே ஆடுகிறது. தேதி வருகிற இடத்தைத் தொட்டோம், உறுப்பினர் அத்தனை பேருக்கும் அன்றைக்கே பிறந்தநாள் ஆகிவிட்டது. மெஷினோட கட்டுண்டு கிடந்தவங்க எல்லாம் ஒருத்தரை ஒருத்தர் வாழ்த்திக்கிட்டு ஒரே கலகலப்பு. அதைச் சரிசெய்ய எனக்கே மனசு வரல.

அதுகூடப் பரவாயில்ல. உதவிக்கு வந்தவங்க ஒவ்வொருத்தரா கழண்டுக்கிட்டாங்க, காரணம் உங்க மாப்பிள்ளை. யார் எதைத் திருத்தி அனுப்பினாலும் சரிபார்க்கிறது அவர்தான், பதில் எப்பவும் ஒரே வார்த்தை, "தவறு." டயாலிசிஸ் வார்டு நர்ஸ் ஒருத்தி, வேலை முடிஞ்ச அசதியோட உட்கார்ந்து, எழுத்தைப் பெரிசாக்கிற வசதி செஞ்சு அனுப்பினா. வரிக்கு நடுவுல இடைவெளி சரியில்லைன்னு அதையும் திருப்பிட்டார். அவளும் போயிட்டா. நான் போன் பண்ணினேன்.

"நான் என்ன சம்பளமா கேட்டேன்? நன்றின்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாமே அக்கா" என்றாள்.

அன்னைக்கே மனுஷனை, சரிபார்க்கிற வேலையிலிருந்து தூக்கி, வர்றவங்களை வரவேற்கிற வேலையில போட்டேன். முதல் ஆளுக்கு "நன்றி. தவறு." என்று எழுதினார். அழிச்சு மறுபடி எழுத வெச்சேன். முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டு சாப்பிடாம எழுந்து போனார், நானும் விடல. மெதுவா வழிக்கு வந்தார். திருப்பி அனுப்பினதை அவரே சேர்த்துட்டு, நர்ஸுக்கு எழுதி மன்னிப்புக் கேட்டு, உங்க பெரிய எழுத்தை எங்கம்மா கண்ணாடி இல்லாம படிக்கிறாங்கன்னு சொன்னாராம். அவ திரும்பி வந்தா, வார்டு டெக்னீஷியனையும் கூட்டிக்கிட்டு. விட்டுப்போனவங்கள்ல பாதிப் பேர் பின்னாலயே வந்தாங்க. கெடு முடியறதுக்குள்ள புது ஃபோரம் ஓட ஆரம்பிச்சாச்சு. பழைய பதிவு ஒண்ணுகூட தொலையல.

ஆகவே மூடுகிற பேச்சை இனி எடுக்க வேண்டாம். அண்ணிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
பிடிவாதம் குறையாத தங்கை

பி.கு.: நான் பார்த்துப் பார்த்துச் செய்த புதுத் தோற்றம் பழகாதவர்களுக்காக, பழையபடி காட்ட ஒரு பொத்தான் வைத்தோம். எல்லோரும் அழுத்திவிட்டார்கள். சற்றுமுன் நானும் அழுத்திவிட்டேன்.