கடைசி பெஞ்சில் ஓவர்லாக் அக்கா

பாவிகளுக்கு ஓவர்லாக் அக்காவைப் போல நல்லது செய்தவரும் கிடையாது, அவரைப் போல அவர்களைப் படுத்தி எடுத்தவரும் கிடையாது. அறுபதுகளில் காதர்பேட்டை பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் நான் செக்கிங், அவர் ஓரம் தைக்கிற ஓவர்லாக் மெஷின். ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் ஒரே சர்ச்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். தப்பு செய்து மாட்டியவர், கமிட்டி மனமிரங்கும்வரை கடைசி பெஞ்சில் உட்கார வேண்டும், திருவிருந்தின் அப்பமும் ரசமும் கிடையாது. யாரும் தண்டிக்காமலே அங்கே குடியிருந்தவர் அக்கா ஒருவர்தான். "இங்கதானுங்க காத்து வருது" என்பார். வருகிற பாவிக்கு நகர்ந்து இடம் கொடுப்பார், விசிறியும் கொடுப்பார். பிறகு பிரசங்கம் முடிகிறவரை காதைக் கடிப்பார்: "கெடுதல் பண்ணுனியே கண்ணு, அவங்ககிட்டப் போய்ச் சொன்னியா, இல்லியா?" பொண்டாட்டியை அடித்த ஒருவர், தன்னைச் சபையை விட்டே நீக்கிவிடும்படி கமிட்டியைக் கெஞ்சினார்.

எங்கள் கட்டிங் மாஸ்டர் டேனியல் ஒருமுறை ஒரு அடுக்குத் துணி முழுவதையும் கழுத்து அகலமாக வெட்டிவிட்டான். ஒரு பனியனுக்குள் இரண்டு பேர் தலையை விடலாம். முதலாளி கேட்டதும், கோணலாக விரித்தார் என்று, மேஜையில் துணி விரிக்கிற ரகீம் பாய் மேல் பழியைப் போட்டான். பாய்க்கு வேலை போயிற்று. மனசு உறுத்தி, டேனியல் பாதிரியாரிடம் போய் அழுதான். அவர் இளகிய மனசுக்காரர். அடுத்த ஞாயிறே சபை முன்னால், "கர்த்தர் மன்னித்துவிட்டார், திருவிருந்துக்கு வா" என்றார்.

அக்கா எழுந்தார். "கர்த்தர் மன்னிச்சுட்டாருங்க அய்யா. ரகீம் பாய்க்கு யாருங்க வேலை குடுக்கறது?"

கமிட்டிப் பெரியவர் ஒருவர் துள்ளினார். "அப்ப இவனைச் சபையை உட்டே நீக்கிரலாம்."

"நீக்கறதுக்கு நீங்க யாருங்க? வெளிய தள்ளுனா ஓடிப் போயிருவான். என்ற பக்கத்துல உக்கார வெய்யுங்க. பாய்க்குப் பண்ணுனதை அவன் சரி பண்ற வரைக்கும் எனக்கும் திருவிருந்து வேண்டாமுங்க."

"நீ என்னம்மா பாவம் பண்ணினே?" என்றார் பாதிரியார்.

"அதைச் சொல்ல ஆரமிச்சா உங்க ஊட்டுல கறிக்கொழம்பு ஆறிப் போயிருமுங்க."

மறுநாள் அக்கா டேனியலை இழுத்துப்போய் முதலாளி முன் நிறுத்தினார். அவன் உண்மையைச் சொன்னான். பாயை அழைத்துவர உடனே ஆள் போயிற்று. டேனியலைப் பார்த்து முதலாளி, "நீ வெளிய போ" என்றார். நியாயம்தானே என்று நாங்கள் வேலையைப் பார்த்தோம். அக்கா மெஷினை நிறுத்தினார்.

"பொய் சொன்னப்ப சோறு போட்டீங்க, உண்மையைச் சொன்னதும் பட்டினி போடறீங்களா? இனி இங்க எவனுங்க உண்மை பேசுவான்? வேலையில எறக்கி வெய்யுங்க, தொரத்தாதீங்க. இல்லீன்னா நானும் போறேனுங்க."

அதற்குள் வந்துசேர்ந்த பாய்தான் முடித்து வைத்தார். "எனக்குக் கோவம் தீரலீங்க மொதலாளி. தீர்ற வரைக்கும் அவன் என்ற கண்ணு முன்னாலயே துணி விரிக்கட்டும்."

மாஸ்டர் துணி விரித்தான். பாய் பக்கத்தில் நின்று, "நேரா இழு, நேரா இழு" என்று மாதக்கணக்கில் அதட்டினார். பிறகு ஒருநாள் தன் டீயில் பாதியை அவன் டம்ளரில் ஊற்றினார். அந்த ஞாயிறு அக்கா டேனியலின் சட்டைக் கையைப் பிடித்துத் திருவிருந்துக்கு அழைத்துப் போனார். முழங்காலில் நின்று இருவரும் அழுதார்கள்.

அக்காவை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று ஒருநாள் சொல்லிவிட வேண்டுமென்று வருஷக்கணக்கில் நினைத்திருந்தேன். அவர் பேச்சை நிறுத்தினால்தானே சொல்வதற்கு.