குன்றேறும் தகுதி

கடலும் கிடையாது, காடும் கிடையாது, எந்தப் பக்கம் திரும்பினாலும் தட்டையாகக் கிடந்த ஒரு நாட்டில் ஒரே ஒரு குன்று இருந்தது. அந்தக் குன்றின் மேல் ஒரு கழகம் இருந்தது. அங்கே படித்து இறங்கியவர்கள் மந்திரியாகவோ தளபதியாகவோ, எதுவும் வாய்க்காவிட்டால் வரி வசூலிப்பவராகவோ ஆனார்கள். மற்றவர்கள் வரி கட்டினார்கள். ஆகவே அந்நாட்டில் ஒரு குழந்தை பிறந்தால், ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு, "குன்றேறுமா?" என்றும் கேட்டுவிடுவார்கள்.

குன்று சிறியது. ஏற நினைத்த பிள்ளைகளோ ஏராளம். இன்னும் நாலு கழகம் கட்டினால் என்ன என்று யாரோ ஒருவர் அரசவையில் கேட்டாராம். "குன்று இல்லாத இடத்தில் குன்றுக் கழகம் எப்படிக் கட்டுவது?" என்றார் கல்வியமைச்சர். அவை கைதட்டியது. கேட்டவர் அதன்பிறகு அவைக்கு வந்ததாகத் தெரியவில்லை.

அமைச்சரின் பெயர் தகுதிராயர். யாரைச் சேர்ப்பது, யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவுசெய்யும் குழுவுக்கும் அவரே தலைவர். எந்தத் தகுதி முதன்மையானது என்று அவர் ஆணை எழுதுவார். மன்னர் முத்திரை வைப்பார். மன்னருக்குப் பிள்ளைகள் இல்லை என்பதால் அவர் எதையும் படித்துப் பார்த்ததில்லை.

முதல் ஆணை, மதிப்பெண்ணே முதன்மை என்றது. உடனே நாடெங்கும் பிள்ளைகளைக் கோழிப்பண்ணைபோல் அடைத்து வைத்துப் படிக்க வைத்தார்கள். கொஞ்ச காலத்தில் எல்லாப் பிள்ளைகளும் நூற்றுக்கு நூறு வாங்கிவிட்டார்கள். குழு திகைத்துப்போனது. நூற்றுக்கு நூறு வாங்கியவனுக்குத் தோல்வி என்று எப்படிச் சொல்வது? தகுதிராயர் யோசித்து, "வெறும் நூறு போதாது" என்று சொல்லிவிட்டார். அந்த ஆண்டு நூறு வாங்கிய பிள்ளைகள் பலர் வீட்டுக்குள்ளேயே முடங்கினார்கள். அவர்களிடம் எப்படிப் பேசுவது என்று பெற்றவர்களுக்கே தெரியவில்லை.

அடுத்த ஆணை, தொண்டே முதன்மை என்றது. முதியவர்களுக்கு ஆற்றைக் கடக்க உதவுவது நல்ல தொண்டு என்று எவனோ கிளப்பிவிட்டான். மறுநாளே ஆற்றங்கரையில் இளைஞர் கூட்டம் அலைமோதியது. ஒவ்வொருவனோடும் ஓர் ஓவியன் வேறு, தொண்டு செய்யும் காட்சியை வரைந்து சான்றாக வைக்க வேண்டுமே. கரையோர ஊரின் கிழவர்களை இக்கரையிலிருந்து அக்கரைக்கு ஒருவன் தூக்கிப் போவான். அக்கரையில் காத்திருக்கும் இன்னொருவன் இக்கரைக்குத் தூக்கி வருவான். "எனக்கு அந்தப் பக்கம் சோலியே இல்லய்யா, எறக்கி விடுங்க" என்று அவர்கள் கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சளி பிடித்துப் படுத்தவர்களுக்கு மருந்து வாங்கித் தர ஆளில்லை. மருந்து வாங்கித் தருவதை வரைந்தால் ஓவியம் எடுப்பாக வராது என்று ஓவியர்கள் சொல்லிவிட்டார்கள்.

அதற்கடுத்து வந்ததுதான் துன்பமே முதன்மை என்ற ஆணை. பட்ட கஷ்டத்தை மனம் உருக எழுதுபவருக்கே இடம். இந்த ஆணையால்தான் நம் கதைக்குள் ஆவுடை வருகிறாள்.

தலைநகரிலிருந்து வெகுதூரம் தள்ளி, கரிசல் நிலத்தில் செம்மறி ஆடுகளை மடக்கிக் கிடை போட்டுப் பிழைத்தவர் மாசானம். அவருடைய ஒரே மகள் ஆவுடை. தாய் இல்லை. அந்தப் பெண்ணுக்குக் குன்றேற வேண்டும் என்ற ஆசை வந்தது மந்திரியாவதற்காக அல்ல. முதல் மழை பெய்து புல் துளிர்த்ததும் அவர்கள் கிடையில் ஆடுகள் சாகும். மாலைவரை மேய்ந்த குட்டி திடீரென்று துள்ளும், விழும், கால்களை உதைத்துக்கொண்டு அடங்கிவிடும். துள்ளுமாரி என்று அதற்குப் பெயர் மட்டும் எல்லாருக்கும் தெரியும். அதிலும் நன்றாகக் கொழுத்த குட்டிதான் முதலில் சாகும், நோஞ்சான் பிழைத்துக்கொள்ளும். ஏன் என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும். தெரிந்தால் கிடை பிழைக்கும். கிடை பிழைத்தால்தான் அவர்கள் பிழைப்பார்கள்.

அந்தச் சமயம் தலைநகரிலிருந்து இன்பசேகரன் என்ற வணிகர் மகன் மாசானத்தின் குடிசைக்கு வந்து சேர்ந்தான். துன்பம் பழக வந்திருந்தான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், நல்ல பையன். வீட்டில் துன்பமே இல்லாமல் வளர்ந்துவிட்டதால் அப்பா அனுப்பி வைத்திருந்தார். பத்துப் பதினைந்து நாள் கிடையிலேயே படுத்தான், அவர்கள் குடித்த கம்மங்கூழையே குடித்தான். ஒரு குட்டி துள்ளி விழுந்து செத்தபோது நிஜமாகவே தேம்பி அழுதான். ஆவுடைதான் அவனைத் தேற்றினாள்.

பிறகு இருவரும் எழுதி அனுப்பினார்கள். இன்பசேகரன் அந்தக் குட்டியின் சாவை எழுதியிருந்தான். குழுவில் மூன்று பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். ஆவுடை ஆடுகளைப் பற்றியும், எந்தப் புல்லுக்கு எந்த ஆடு ஓடும் என்பதைப் பற்றியும், கிடா ஒன்று தன் அப்பாவின் வேட்டியைத் தின்றதைப் பற்றியும் எழுதியிருந்தாள். தாய் இல்லாததைப் பற்றி ஒரு வரி இல்லை. அது துன்பம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. அதைக் காட்டி மேலே ஏறுவதற்கு அவளுக்கு மனம் வரவில்லை.

"துன்பம் உள்ளது, ஆயினும் துன்பப்பட்டதற்கான முனைப்பு எழுத்தில் காணப்படவில்லை" என்று குழு குறிப்பெழுதியது. இன்பசேகரன் குன்றேறினான்.

மாசானம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். "நம்ம கிடையில வந்து படுத்த பயலுக்கு எடம் கெடச்சிருக்கு, கிடையிலயே பொறந்த ஒனக்கு இல்லங்காவ. நாந்தாம்ட்டி கெடுத்தேன். அவன வராதன்னு சொல்லிருக்கணும்."

"போப்பா. அவன் அழுதது பொய்யா? வுடு, அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

அடுத்த வருசம் இயல்பே முதன்மை என்று ஆணை வந்தது. பிள்ளைகள் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிக்கிறார்களாம், ஆகவே முன்கூட்டியே தயார்செய்வது இனிமேல் குற்றம். குன்றேறப் பழக்கிக் காசு பார்த்த பயிற்சிக்கூடங்கள் இதற்கெல்லாம் அசரவில்லை. கேள்வி கேட்டதும் எப்படி விழிக்க வேண்டும், பதில் சொல்லும் முன் எவ்வளவு நேரம் தலையைச் சொறிய வேண்டும், எந்த இடத்தில் திக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தன. காவலர்கள் வீடு வீடாகப் புகுந்து புத்தகங்களை அள்ளிப் போனார்கள். மாசானத்தின் குடிசையில் ஒரே ஒரு மாட்டு வாகடம் இருந்தது, கால்நடைகளுக்கு மருந்து சொல்லும் பழைய நூல். ஆவுடை அதைத்தான் வரிவரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். அதையும் கொண்டுபோய்விட்டார்கள்.

குன்றடி மண்டபத்தில் நேர்காணலுக்கு அவள் போய் நின்றபோது நீண்ட மேசைக்குப் பின்னால் குழு வரிசையாக உட்கார்ந்திருந்தது. நடுவில் தகுதிராயர்.

"பெண்ணே, புகழ்பெற்ற நமது குன்றுக் கழகத்தில் சேர நீ விழைவதன் காரணம் யாது? இயல்பாகச் சொல்."

"ஆட்டு நோயப் பத்திப் படிக்கணும்யா. மழ பேஞ்சு புல்லு மொளச்சதும் செம்மறி துள்ளித் துள்ளிச் சாவுது. நல்லாக் கொழுத்த குட்டிதான் மொதல்ல சாவுது. அது ஏன்னு தெரியணும். இங்க அந்தப் பாடம் யாரு எடுக்காவ?"

அத்தனை ஆண்டுகளில், குன்றின்மேல் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேட்ட முதல் ஆள் அவள்தான். எப்படி ஏறுவது என்றுதான் நாடு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது.

வரிசையின் கடைசியில் அரைத்தூக்கத்தில் இருந்த ஒருவர் தயங்கிக் கையை உயர்த்தினார். "கால்நடைப் பாடமா? அது... நான்தான் என்று நினைக்கிறேன்."

"எப்ப எடுப்பீங்கய்யா?"

"இந்தத் தேர்வு வேலை முடியட்டும் என்று இருக்கிறேன். இதில் என்னைப் போட்டுப் பல வருடம் ஆகிறது. நாங்கள் எல்லாருமே இங்கேதான் இருக்கிறோம்." பக்கத்தில் இருந்த இலக்கண ஆசிரியரும் கணித ஆசிரியரும் ஆமாம் என்று தலையசைத்தார்கள்.

"அப்போ மேல சேந்த பிள்ளைங்க எல்லாம் என்ன செய்யுதாவ?"

தகுதிராயருக்குக் கேள்வியே விளங்கவில்லை. "சேர்ந்துவிட்டார்கள் அல்லவா?" என்றார். "அதற்குமேல் என்ன செய்ய வேண்டும்?"

ஆவுடைக்கு அந்த ஆண்டும் இடம் கிடைக்கவில்லை. இவ்வளவு தெளிவாகக் கேட்பவள் பல நாள் யோசித்திருக்க வேண்டும், யோசிப்பதும் தயாரிப்பே என்று குழு கண்டுபிடித்தது. ஆனால் அவள் கேட்ட கேள்வி எப்படியோ மன்னரின் காதுக்கு எட்டி, அவருக்கு மிகவும் பிடித்துப்போனது. அடுத்த ஆண்டுக்கான ஆணை தயாரானது: கேள்வியே முதன்மை.

மாசானம் அன்று கிடை முழுக்க நடந்து நடந்து சிரித்தார். "இனி யாரு ஒன்னத் தடுப்பா? கேள்வியே ஒன்னோடதுல்லாட்டி!"

பாவம், அவருக்குப் பயிற்சிக்கூடங்களைப் பற்றித் தெரியாது. மாதம் முடிவதற்குள், கொழுத்த குட்டி ஏன் முதலில் சாகிறது என்று நாட்டிலுள்ள பிள்ளைகள் எல்லாம் கேட்கப் பழகிவிட்டார்கள். ஆட்டையே பார்த்திராத பிள்ளைகள் கண்ணில் கவலையோடு கேட்டார்கள். கரிசல் பேச்சு சொல்லிக்கொடுக்கத் தனி வாத்தியார்கள் வந்தார்கள். வண்டி வண்டியாகப் பிள்ளைகள் மாசானத்தின் கிடையைப் பார்க்க வந்து, மேய்ச்சல் புல்லை மிதித்துத் துவைத்துவிட்டுப் போனார்கள். ஆட்டு வாடைக்காக ரோமத்தைப் பிடுங்கிச் சட்டைக்குள் வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஆடுகள் மிரண்டு இளைத்தன. ஆவுடை வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்தாள். யாராவது ஒருவருக்காவது பதில் தெரிந்திருக்குமா என்று விசாரித்தாள். பதிலுக்கு மதிப்பெண் இல்லை என்று சொன்னார்கள்.

மழை மேகம் கூடிய ஒரு நாளில் நேர்காணல் நடந்தது. இந்த முறை மேசைக்குப் பின்னால் இன்பசேகரனும் இருந்தான். குன்றேறியவர்களுக்கு வேறு வேலை இல்லாததால் அவர்களையும் குழுவில் சேர்த்திருந்தார்கள்.

ஆவுடை போய் நின்று அதையே கேட்டாள். அவளிடம் வேறு கேள்வி இல்லை.

தகுதிராயர் கொட்டாவியை அடக்கிக்கொண்டார். "இது சென்ற ஆண்டு ஆவுடை என்ற ஒரு பெண் கேட்டது. நீ எந்தப் பயிற்சிக்கூடம்?"

"நாந்தாம்யா ஆவுடை."

"காலையிலிருந்து வந்த எல்லாரும் ஆவுடைதான், அம்மா."

இன்பசேகரன் எழுந்து நின்றுவிட்டான். அவன் முகம் சிவந்திருந்தது. "ஐயா, இது அவள்தான். நான் இவர்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன். உண்மையில் என் இடமே இவளுடையது."

"உட்காரும்" என்றார் தகுதிராயர். "பரிந்துரை செய்வது குற்றம் என்பதை ஒரு குழு உறுப்பினருக்கு நான் நினைவூட்ட நேர்வது வருந்தத்தக்கது. பெண்ணே, நீ போகலாம்."

ஆவுடை வாசல்வரை போனாள். பிறகு திரும்பி வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, குரல் மட்டும் கலங்கவில்லை.

"சரிங்கய்யா. மேல போற ஆவுடை யாரா இருந்தாலும் இருக்கட்டும். பதில் கெடச்சா மட்டும் எங்க கிடைக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்புங்க."

கால்நடைப் பாட ஆசிரியர் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தகுதிராயரே ஒரு கணம் அசைந்துபோனார் என்றுதான் சொல்ல வேண்டும். எழுத்தரைப் பக்கம் சாய்ந்து, தழுதழுத்த குரலில், "எழுதிக்கொள்ளும்," என்றார். "அடுத்த ஆண்டு, விட்டுக்கொடுக்கும் குணமே முதன்மை."

ஆவுடை ஊர் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சில நாளில் கரிசல் முழுக்கப் புல் துளிர்த்தது. ஒரு மத்தியானம், கிடையிலேயே கொழுத்த குட்டி, அவள் மடியில் போட்டு வளர்த்தது, துள்ளி விழுந்து செத்தது. மாசானம் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு குழி தோண்டப் போனார்.

"பொதைக்காதப்பா" என்றாள் ஆவுடை. குட்டியின் பக்கத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் சூரிக்கத்தி இருந்தது. "வயித்த அறுத்துப் பாக்கப் போறேன். உள்ள என்னதான் ஆயிருக்குன்னு பாத்துருவோம்."

"படிக்காம அதெல்லாம் ஒனக்கு எப்படிட்டி வெளங்கும்?"

"படிக்கத்தாம்ப்பா அறுக்கேன். வந்து காலப் பிடிச்சுக்கோ."

அவர் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வந்து, குட்டியின் பின்னங்கால்களைப் பிடித்துக்கொண்டார்.